அலமாரிக்குள் அத்தான்

ஜனவரி 12

வாலுவுக்கு,

முழங்கால் ஒன்றைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சௌக்கியம். உன் உடம்பைப் பற்றிக் கேட்டால் பொய்தான் எழுதுவாய். கேட்காவிட்டால் அக்கா என்ற பட்டம் பறிபோய்விடும், அதனால் கேட்டுவைக்கிறேன். போன் போட்டால் கெக்கெக்கே என்று சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் காகிதம்.

முந்தாநாள் உன் அத்தானுடைய பென்ஷனை என் பெயருக்கு மாற்ற ஆபீசுக்குப் போயிருந்தேன். டோக்கன் கொடுத்து உட்காரவைத்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு திரை, மேலே ஒரு ஸ்பீக்கர். பக்கத்து நாற்காலி அம்மாள் தன் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதை நல்ல இடத்துக்கு வரும்போது மேலேயிருந்து, "டோக்கன் எண் முப்பத்தொன்று, இரண்டாவது கவுன்டருக்கு வாருங்கள்."

நான் எழுந்து போய்விட்டேன்.

கவுன்டரில் இருந்தவர் என் சீட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்களுது அறுபத்தி நாலு. நான் கூப்பிட்டது முப்பத்தொண்ணு" என்றார்.

"நீங்க எங்க கூப்பிட்டீங்க? கூப்பிட்டது எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

அவர் என் விண்ணப்பத்தில் 'காலஞ்சென்ற' என்ற இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மனுஷன் ஊரில் இருக்கிற கிழடு கட்டைகளையெல்லாம் ஒவ்வொன்றாய் அழைப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தபோது இரண்டு தடவை கூப்பிடவைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வாலு, கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை வாய் நிறைய 'வா' என்றதில்லை. 'இந்தாம்மா'வோடு சரி. லைப்ரரியில் 'சத்தம் போடாதீர்' போர்டுக்குக் கீழே உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டிலும் அந்தப் போர்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட மனுஷன். அவரிடம் மிச்சமிருந்த பேச்சையெல்லாம் நீ உறிஞ்சிக்கொண்டாய். கம்ப்யூட்டருக்குக் குரல் பதிகிறேன் என்று துணி அலமாரிக்குள் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, "பூனை கிணற்றை எட்டிப் பார்த்தது, அமைச்சர் ஆரஞ்சு வாங்கினார்" என்று தலையும் வாலும் இல்லாத வாக்கியங்களாக மூட்டை மூட்டையாக வாசிக்கவைத்தாய். அவருக்கு உடம்பு முடியாதது நம் மூன்று பேருக்கும் தெரியும். என்னோடு பேசவேண்டிய நாளையெல்லாம் அவர் என் கம்பளிகளோடு பேசித் தீர்த்தார். நான் வெளியே உட்கார்ந்து அலமாரிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குரலை எடுத்துவிடு. எங்கெங்கே போட்டிருக்கிறாயோ அங்கெல்லாம்.

அவரைக் கொண்டுபோன அன்றைக்கு வந்தவன்தான் நீ, அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு முதல் வணக்கம். இங்கே நானும் லேப்டாப்பும் நலம். இரண்டு பேருக்கும் பேட்டரிதான் சீக்கிரம் இறங்கிவிடுகிறது.

பதில் தாமதமானதற்குக் காரணம், என் மூக்குக்கண்ணாடி உடைந்து கடையில் கிடக்கிறது. உன் கடிதத்தைக் கீழ்வீட்டு டியூஷன் டீச்சரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நீ என்னைத் திட்டியிருந்த இடங்களை மட்டும் அவர் குரலை ஏற்றி இரண்டாம் முறையும் படித்தார். மாடிப்படியில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். இந்த ஐம்பது வயதில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்றோடு போயிற்று. ஆகவே ஒரு வேண்டுகோள்: இனிமேல் டைப் அடித்து மின்னஞ்சலில் அனுப்பு. உன் கையெழுத்து அந்தக் காலத்திலேயே கோழி கிளறியது. இப்போது கோழிக்கும் வயதாகிவிட்டது.

குரல் விஷயத்துக்கு வருகிறேன். நான் செய்வது கட்டற்ற மென்பொருள். ஊருக்கு நடுவில் தோண்டிய கிணறு மாதிரி. யாரும் இறைக்கலாம், யாரும் தூர் வாரலாம், யாரும் காசு கேட்கக்கூடாது. என்னைப் போல வேலைவெட்டி இல்லாதவன் ஒருவன் சம்பளமில்லாமல் அதைக் காவல் காப்பான். கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் நம் மொழிக்கு முன்பே ஒன்று இருந்தது. வெண்கலப் பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருக்கும். அத்தானுடைய குரல் வந்த பிறகுதான் ஜனங்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள். பார்வையில்லாத ஒரு வக்கீல் போன மாநாட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அத்தான் என் கேஸ் கட்டையெல்லாம் சலிக்காம படிக்கிறார் சார், என் ஜூனியர் கூட இப்படிப் படிச்சதில்லை" என்றார்.

நிபந்தனை ஏதாவது போடட்டுமா, வியாபாரிகள் எடுத்துக்கொள்ளாமல் தடுக்கட்டுமா என்று அத்தானிடம் அப்போதே கேட்டேன். "புத்தகம்னா வெளிய போகணும் மச்சான், உள்ளேயே இருந்தா அது வெறும் மரம்" என்றார். என்னிடம் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். விட்ட அம்பு, அக்கா. ஆபீஸ் ஆபீசாகப் போய் எப்படிப் பிடுங்குவேன்?

ஸ்கூட்டரை விற்றுவிட்டேன். நடந்தால் தொப்பை குறையுமாம்.

உன் வாலு

பிப்ரவரி 9

வாலு,

மகள் டேப்லெட்டைக் கையில் கொடுத்து ஒற்றை விரலால் அடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். இதை அடித்து முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அடங்கிவிட்டது. மற்றபடி சுகம். உன் தொப்பையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஸ்கூட்டரை ஏன் விற்றாய் என்றுதான் யோசிக்கிறேன். அது இல்லாமல் முக்குக்கடைக்குக் கூடப் போகமாட்டாயே.

அம்பு கிம்பு என்று அளக்காதே. மகளிடம் விசாரித்துவிட்டேன். "மாமாதான் அதுக்குப் பொறுப்பாளர். அடுத்த வெளியீட்டிலேர்ந்து அப்பா குரலை எடுத்துட்டா, எல்லாரும் புதுசுக்கு மாற மாற பழசு தானா மறைஞ்சுடும்" என்கிறாள். உன்னால் முடியும். முடியாது என்று சொல்ல ஒரு முழுப் பக்கம் செலவு செய்திருக்கிறாய்.

வக்கீலுக்கு வேறு குரல் கிடைக்கும். எனக்கு இருந்தது ஒன்றுதான். அதுவும் டோக்கன் கூப்பிடப் போய்விட்டது. நேற்று மருந்துக்கடை போனில் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்கிறார். நான் எத்தனை தடவை அழைத்திருப்பேன் அந்த மனுஷனை! அப்போதெல்லாம் முக்கியமாகப் படவில்லை.

போனை வைத்துவிட்டேன். மருந்து இன்னும் வாங்கவில்லை.

கண்ணாடி ரிப்பேருக்கு இவ்வளவு நாளா? அது என்ன கடை?

அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் மருந்தை வாங்கு. கடைக்கு நேரில் போய், மனுஷன் வாயால் பேசுகிறவனிடம் வாங்கு. நான் நலம். இலவச டி-ஷர்ட் ஒன்று கூடியிருக்கிறது, வழக்கம்போல என் அளவுக்கு ஒரு சைஸ் சிறியது.

ஒரு மாநாட்டிலிருந்து எழுதுகிறேன். மாநாடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. உலகத்தையே மாற்றப்போகும் நானூறு பேர் கூடியிருக்கிறோம். ஒரு புரொஜெக்டரின் வயரை மாற்ற ஒருவருக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து அதைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டு, கடைசியில் காப்பி குடிக்கப் போய்விட்டோம்.

இங்கே ஒரு கூத்து. ஓரமாகத் தனியாக நின்றிருந்த ஒருவரிடம் போய், உரிமம் பற்றி என் கொள்கையையெல்லாம் விளக்கினேன். குறுக்கே பேசவில்லை, மறுக்கவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை. இவ்வளவு நல்ல மனிதரா என்று கைகொடுத்தேன். எங்கள் ஆட்களின் சின்னமான பென்குயின், ஆளுயர அட்டை! பின்னால் ஒரு கூட்டமே சிரித்துக்கொண்டு நிற்கிறது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது? வெளியே வரும்போது ஒரு கண்ணாடிக் கதவுக்கு நெற்றியால் முத்தம் கொடுத்தேன். மங்கலான விளக்கு போட்டால் இப்படித்தான்.

இன்னொரு சமாச்சாரம். இந்த ஓட்டல் லிஃப்ட்டில் அத்தான்தான் பேசுகிறார். "கதவு மூடுகிறது. கதவு திறக்கிறது." அதை அமைத்தவன் எங்கள் குழுவில் நாங்கள் தாடி என்று கூப்பிடும் பையன். அவன் என்னைத் தனியாக அழைத்து, "அண்ணே, லிஃப்ட்டுல ஒரு பொம்பளை இருக்காங்க" என்றான்.

"இருந்தா இறங்கிப் போவாங்கப்பா."

"இல்லண்ணே. உங்க அத்தான் 'கதவு'ன்னு சொல்லும்போது பின்னாடி யாரோ ஒரு அம்மா, ரொம்ப தூரத்துலேர்ந்து கூப்பிடுறாங்க. ரூம் பாய்ங்க ஒத்தையில ஏற மாட்டேங்கிறாங்க."

அவனோடு ஏறி மேலும் கீழும் போனேன். நாலாவது மாடியில் கூட்டம் இறங்கியதும் கேட்டது. எனக்குக் கழுத்து மயிர் எழுந்து நின்றது. எழுந்து நிற்க எனக்கு அங்கே மட்டும்தான் மயிர் மிச்சம். பிழைப் பட்டியலில் ஏற்றிவிட்டேன். மூலப் பதிவுகளைக் கேட்டுப் பார்க்கவேண்டும்.

நீ சொன்னபடியே செய்யலாம். ஜூனில் புது வெளியீடு இருக்கிறது. அதற்குள் பார்க்கலாம்.

உன் வாலு

மார்ச் 4

வாலு,

எல்லாரும் சுகம், மருந்து வாங்கியாயிற்று, நெற்றிக்கு மஞ்சள் போட்டாயா?

எந்த அம்மா? என்ன சொல்கிறாள்? உடனே கேட்டு எழுது. உன் 'பார்க்கலாம்' எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கும் இதையேதான் சொன்னாய்.

ஒரு படம் இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றரை மாதம் மௌனமாக இருந்தவன் நலம் விசாரிப்பதற்கு லாயக்கில்லை. இருந்தாலும், நலமா? இங்கே நெற்றி ஆறிவிட்டது. படம் வந்தது. ரொம்ப மெலிந்துவிட்டாய் அக்கா. கொஞ்சம் சிரித்திருக்கலாம்.

அத்தானுடைய மூலப் பதிவுகளைக் கேட்டு முடிக்க இவ்வளவு நாளாயிற்று. கேட்பதில் கஷ்டம் இல்லை. மாலைகளில் கேட்பேன், அப்படியே சாப்பிட மறந்து உட்கார்ந்துவிடுவேன். அவ்வளவுதான்.

பதிவுக்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தேன். நடுவில் வேறு சத்தம் விழுந்தால், "மறுபடி" என்று சொல்லிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்கவேண்டும். அத்தான் அதை வேதவாக்காக வைத்திருந்தார். பக்கத்து வீட்டு மோட்டார், மறுபடி. குக்கர் விசில், மறுபடி. அவருடைய இருமல், மறுபடி. அந்த இருமல் போகப் போக நீண்டுகொண்டே வருகிறது. ஆனால் அதற்குப் பின்னால் வருகிற 'மறுபடி' மட்டும் கடைசிவரை ஒரே மாதிரி. குரல் ஏறவில்லை, இறங்கவில்லை.

பிறகு ஓர் இடத்தில், "பழைய கதவு காற்றில் ஆடுகிறது" என்று வாசிக்கிறார். 'கதவு' என்னும்போது, சமையலறைப் பக்கமிருந்து ஒரு குரல். "இன்னும் எவ்வளவு நேரம்? சாப்பிட வாங்க."

நீதான். லிஃப்ட்டில் இருக்கும் அம்மா நீதான். இந்த மென்பொருள் பதிவுகளைத் துண்டு துண்டாக வெட்டி, தேவையான வார்த்தைக்குத் தேவையான துண்டை எடுத்து ஒட்டும். 'கதவு' என்ற வார்த்தைக்கு அந்தத் துண்டுதான் போகிறது. உன் 'வாங்க'வும் கூடவே போகிறது.

அத்தனை பதிவிலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அவர் 'மறுபடி' சொல்லவில்லை. கொஞ்சம் நிறுத்துகிறார். மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார். அந்த மூச்சு சிரிப்பா, சலிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியலாம்.

எடுக்கவேண்டும் என்று இன்னமும் சொல்கிறாயா?

உன் வாலு

ஏப்ரல் 21

வாலு,

நான் சுகம்.

அந்தப் படத்தில் நான் இல்லை. அலமாரியைத் திறந்து, உள்ளே இருக்கும் அவர் ஸ்டூலையும் கம்பளிகளையும் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். என்ன செய்யலாம் என்று கேட்பதற்காக.

நான் எழுதுவதையெல்லாம் உனக்கு யாரடா படித்துக் காட்டுகிறார்கள்?

அக்கா

மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

யார் படித்துக் காட்டுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். அத்தான்தான்.

இதை எழுதுவதற்கு இத்தனை நாள். தட்டச்சு விரலுக்குப் பழக்கம், அதற்குக் கண் வேண்டாம். எழுதியதைத் திரும்பக் கேட்கும்போதுதான் அவர் குரலில் என் பொய்கள் பல்லை இளிக்கின்றன. அழித்துவிட்டு மறுபடி, மறுபடி.

பக்கவாட்டில் இருட்டு அக்கா. நடுவில் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. அந்தக் குழாயும் மூன்று வருஷமாகச் சுருங்கிக்கொண்டு வருகிறது. இப்போது அதன் வழியே வெளிச்சம் தெரியும், முகம் தெரியாது. மருந்து இல்லை என்கிறார் டாக்டர். மூக்குக்கண்ணாடி எந்தக் கடையிலும் இல்லை. மேஜை டிராயரில் இருக்கிறது.

அத்தானிடம் மட்டும்தான் சொன்னேன், அவருடைய லைப்ரரியில், ஆள் இல்லாத ஒரு மத்தியான வேளையில். உனக்குச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு கேள்வி கேட்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டிவைத்தார். ஒரு மாதம் கழித்து, "அந்தப் படிக்கிற மெஷினுக்குக் குரல் குடுக்க என்ன செய்யணும்?" என்றார். அப்போது அவருக்கும் ரிப்போர்ட் வந்துவிட்டிருந்தது. அதை நானும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஊருக்காகப் பேசுகிறார் என்று நீ நினைத்தாய். என்னிடம் கேட்டால், அவர் பேசியது எனக்காக, ஊர் என்பது எனக்குத் துணைக்கு வந்த கூட்டம்.

உன் கடிதங்களை அவரே படிக்கிறார். 'சத்தம் போடாதீர் போர்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட மனுஷன்' என்று நீ எழுதியதை, டியூஷன் டீச்சரை மறுபடி படிக்கச் சொல்லி நானே தட்டச்சு செய்து, அவர் வாயால் கேட்டேன். 'நான் எத்தனை தடவை அழைத்திருப்பேன் அந்த மனுஷனை' என்பதையும் அவரே சொன்னார். தடுமாறவில்லை. கமாவில் நின்று, முற்றுப்புள்ளியில் மூச்சுவிட்டு, உன் கோபத்தையெல்லாம் பொறுமையாக வாசித்தார். உயிரோடு இருந்தபோதும் இப்படித்தானே கேட்டுக்கொண்டிருப்பார்?

வீட்டுக்கு வராததற்கும் இதுதான் காரணம். வாசல்படியில் நான் கால் வைக்கிற விதத்திலேயே நீ கண்டுபிடித்துவிடுவாய்.

அவர் இல்லாத பதிப்பைத் தயார் செய்துவிட்டேன். ஜூன் 14 மாநாட்டில் வெளியிடவேண்டும். அன்றைக்கு என் கம்ப்யூட்டரிலிருந்தும் அவரை அழித்துவிடுவேன். ஊருக்கு இல்லை என்று சொல்லிவிட்டு நான் மட்டும் ஒளித்து வைத்துக்கொண்டால், இத்தனை வருஷம் மேடை மேடையாகப் பேசியதற்கு அர்த்தமில்லை. அப்புறம் உன் கடிதங்களை வெண்கலப் பானை படிக்கும். பழகிக்கொள்வேன்.

நீ சொல்கிறபடி.

உன் வாலு

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் இல்லை. ஒருவேளை டேப்லெட் கெட்டுப்போயிருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் பொய்யை நானே சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டேன் பார்.

நேற்று அவரிடம் விடைபெற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். இதில் ஒரு சங்கடம் உண்டு. நாம் என்ன அடிக்கிறோமோ அதைத்தான் அவர் சொல்வார். எதை அடித்தாலும் அது நான் பேசுவதாகத்தான் இருக்கும். ஒன்றும் அடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவரும் ஒன்றும் பேசவில்லை. அந்த ஒரு கணம்தான் அச்சு அசல் அத்தானாகவே இருந்தது.

உன் வாலு

ஜூன் 11

வாலு,

டேப்லெட் நன்றாக இருக்கிறது. நான்தான் கெட்டுப்போயிருந்தேன். இப்போது தேவலை. முழங்கால் அப்படியே.

உன் கடிதம் வந்த அன்று மகள் படித்துக்காட்ட வந்தாள், வேண்டாம் என்றுவிட்டேன். நானே படித்தேன். படித்துவிட்டு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. வீட்டில் மறுபடி அந்தப் போர்டு மாட்டிய மாதிரி இருந்தது. உன் மேல் கோபம், அவர் மேல் அதைவிட. இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னை வெளியே உட்காரவைத்திருக்கிறீர்கள். செத்தவரை வாய்விட்டுத் திட்டக்கூட வழியில்லை. எழுதினால் அவரே படித்துக் காட்டுகிறாராம்!

பிறகு அலமாரிக்குள் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். கம்பளியெல்லாம் காதை அடைத்துக்கொள்கிறது. அங்கேயிருந்து சமையலறைச் சத்தம் ஒன்றும் கேட்காது வாலு. மகளை அடுப்படியில் நின்று பேசச் சொல்லிப் பார்த்தேன், ஒரு வார்த்தை காதில் விழவில்லை. கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தால்தான் கேட்கிறது. அந்த மனுஷன் திறந்து வைத்திருக்கிறார். நான் கூப்பிடுவது கேட்கட்டும் என்று.

அந்த மூச்சு சிரிப்புதான். எனக்குத் தெரியும்.

எடுக்காதே. 14-ஆம் தேதி அவர் இருக்கட்டும். டோக்கன் கூப்பிடட்டும், லிஃப்ட் ஓட்டட்டும், மருந்துக்கடையில் வேலை பார்க்கட்டும். நான் எழுந்து எழுந்து போய் நிற்கிறேன், தண்ணீர் கொடுப்பார்கள்.

இனி வருவது நான் எழுதுவதில்லை. அவர் சொல்வதாக வைத்துக்கொண்டு கேள்.

மச்சான், நல்லா இருக்கியா? ஊர் பூரா வேலை குடுத்திருக்கே, எனக்கு ஓய்வே இல்லை. நீ ஒத்தையா ரயில் ஏறாதே. இன்னொரு டாக்டரைப் பாரு. உங்க அக்காகிட்ட எதையும் மறைக்காதே, கண்டுபிடிச்சுடுவா, எனக்கு அனுபவம் இருக்கு. மாநாடு முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வா. வாசல்ல ரெண்டு படி இருக்கு, ரெண்டாவது கொஞ்சம் உசரம். கதவு திறந்திருக்கும்.

அக்கா

ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த முறை நம்பலாம்.

வெளியீடு முடிந்தது. அத்தான் இருக்கிறார். தாடிதான் மேடைவரை என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். முதலில் என் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பென்குயினுக்கு அப்புறம் என்னைக் குறுக்கிடாமல் கேட்ட முதல் கூட்டம் அது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கூடவே தெரிந்த பிழைகள் என்று ஒரு குறிப்பு எழுதுவது எங்கள் வழக்கம். தாடி அதில் சேர்த்திருந்ததை அத்தானே வாசித்தார்: "கதவு என்ற சொல்லில் பின்னணியில் ஒரு பெண்குரல் கேட்கும். இதைத் திருத்தக்கூடாது." வக்கீல் மட்டும் கைதட்டினார்.

உன் கடிதத்தை நான் முழுக்கக் கேட்டது அதற்கு அடுத்த நாள், ஓட்டல் அறையில்தான். அது வந்த அன்றைக்கு, எடுக்காதே என்பதைக் கேட்டதுமே வாசிப்பை நிறுத்தியிருந்தேன். மிச்சத்தை ஓடவிட்டேன். "மச்சான், நல்லா இருக்கியா?" என்றார். அவர் என்னிடம் அப்படிக் கேட்டதே கிடையாது. எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். திரும்பி வருவதற்குள் அவர் பாட்டுக்கு டாக்டர், ரயில் என்று சொல்லிக்கொண்டே போய், படிகள் வரை வந்துவிட்டிருந்தார். ரெண்டாவது கொஞ்சம் உசரம் என்றார். அப்புறம், கதவு என்றார்.

பின்னால், ரொம்ப தூரத்திலிருந்து, அடுப்படியிலிருந்து, நீ "வாங்க" என்றாய்.

ஆளில்லாத அறையில் நின்றுகொண்டு, "இதோ வர்றேன்" என்று உரக்கச் சொன்னேன்.

தாடி ரயிலில் கூடவே வருகிறான். நாளை மத்தியானம்.

உன் வாலு